ஊன்றி நிற்பதற்கு அல்ல

ஜனவரி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. நிறுவனத்தின் மூன்றாவது மாடிக் கூட்ட அறையில் நான்கு பேருக்கு நான்கு மடிப்பு ஊன்றுகோல்கள் கொடுக்கப்பட்டன. கையெழுத்து வாங்கப்பட்டது. புகைப்படம் எடுக்கப்பட்டது.

ஊன்றுகோல்களைச் செய்தவள் அன்று அந்த அறையில் இல்லை. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று பத்து நாள் விடுப்பில் இருந்தாள். நிறுவனத்தில் அவளுக்கு 'மாதிரி அக்கா' என்று பெயர். எந்தப் பொருளை உருவாக்குவதானாலும் அதன் முதல் மாதிரிகளைச் செய்வது அவள் வேலை. செய்வதும், பிறகு உடைப்பதும்.

கீழ்த்தளத்தில் அவளுடைய பட்டறை. பிளாஸ்டிக்கில் உருவம் எடுக்கும் ஓர் அச்சு இயந்திரம், இரண்டு மேசை, கடைசலுக்கு ஒரு லேத், மூலையில் ஒரு நீல டிரம். பட்டறைக்கு எழுதப்படாத சட்டங்கள் இரண்டு உண்டு. ஒன்று, மாதிரி அசிங்கமாக இருக்க வேண்டும். அதற்காகவே எவரும் விரும்பாத ஒரு மஞ்சள் நிறப் பிளாஸ்டிக்கை மட்டும் வாங்குவாள். பார்த்தவுடனே இது பொருள் இல்லை, பொருளைப் பற்றிய ஒரு கேள்வி என்று தெரிய வேண்டும். இரண்டு, கேள்விக்குப் பதில் கிடைத்த அன்றே மாதிரியை உடைத்து டிரம்மில் போட வேண்டும். உடைக்காத மாதிரி எங்காவது ஒரு கைக்குப் போய்விடும் என்பது பதினான்கு வருட அனுபவம்.

ஊன்றுகோல் மாதிரி கேட்ட கேள்வி சின்னது. நடுவில் மடியும் ஒரு கோலை, பேருந்து இருக்கையில் உட்கார்ந்தபடி ஒரே கையால் மடிக்கவும் விரிக்கவும் முடியுமா? அவ்வளவுதான். உட்கார்ந்தபடி. அதன் மேல் ஆள் நிற்பதைப் பற்றி அந்த மாதிரி எதுவும் கேட்கவில்லை. கோல் பழைய அலுமினியக் குழாய். நடு மூட்டு மட்டும் பிளாஸ்டிக். அந்த மூட்டின் உட்பக்கத்தில் சூடான ஊசியால் 'ஊன்றி நிற்பதற்கு அல்ல' என்று எழுதியிருந்தாள். பதிலும் வந்திருந்தது. மூட்டின் விசை கட்டைவிரலுக்கு எட்டவில்லை, அதை மறுபக்கம் மாற்ற வேண்டும். இனி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, உலோகத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

விடுப்புக்கு முந்தைய சாயங்காலம் திட்ட மேலாளர் இறங்கி வந்தார். எதையும் ஸ்லைடு போட்டுத்தான் பேசுவார் என்பதால் அவருக்குப் பட்டறையில் ஸ்லைடு சார் என்று பெயர்.

"என்னம்மா இது, மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு? போட்டோவுல விளையாட்டுச் சாமான் மாதிரி தெரியும். கொஞ்சம் கலர் அடிச்சுக் குடுங்களேன்."

"மாதிரிக்குக் கலர் அடிக்கிறதில்ல சார்."

"போட்டோவுக்கு மட்டும்தான்மா. எடுத்ததும் நீங்களே உடைச்சுக்கங்க. நானா தடுக்கப்போறேன்?"

அவள் அடித்துக் கொடுத்தாள். சாம்பல் நிற ஸ்ப்ரே, இரண்டு பூச்சு. காய்ந்ததும் துணியால் தேய்த்து உலோகப் பளபளப்பும் கொண்டு வந்தாள். அழகாக வந்திருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஊசியால் எழுதிய எழுத்துகள் பெயிண்டுக்குள் போயின.

விடுப்பு முடிந்து வந்தபோது கோல்களை வைத்திருந்த பெட்டி காலியாக இருந்தது. பட்டறையில் லேத் ஓட்டும் அண்ணன் உடைத்துவிட்டார் போல என்று அவள் நினைத்தாள். அக்கா உடைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போயிருக்கும் என்று லேத் அண்ணன் நினைத்திருந்தார். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. பதினான்கு வருடத்தில் கேட்க வேண்டிய அவசியம் வந்ததே இல்லை.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி, திங்கள் காலை, லிஃப்ட் வாசலில் புதிதாக ஒரு போஸ்டர் தொங்கியது. ஆள் உயரப் படம். ஒரு மனிதர் ரயில் நிலைய மேம்பாலப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார். வலது காலில் தசை இல்லை. வலது கையில் சாம்பல் நிற ஊன்றுகோல். உடம்பின் மொத்தப் பாரமும் அதன் மேல் இருந்தது. கீழே, 'வாழ்க்கையை மாற்றிய வடிவமைப்பு.'

அவள் லிஃப்டில் ஏறவில்லை. படியிறங்கிப் பட்டறைக்குப் போனாள்.

"அண்ணே, நாலு கோலையும் உடைச்சீங்கல்ல?"

"நான் எங்க உடைச்சேன்? நீ உடைச்சேன்னுல்ல நெனச்சேன்."

அலமாரியில் உபரியாக ஒரு மூட்டு கிடந்தது. அதைச் சோதனைக்கான இரும்புச் சட்டத்தில் பூட்டினார்கள். மடித்து, விரித்து, ஐம்பது கிலோ எடையை ஏற்றி, இறக்கி, மறுபடி மடித்து. லேத் அண்ணன் எடை ஏற்றினார், அவள் எண்ணினாள். நூறு தாண்டியபோது மூட்டின் ஓரத்தில் முடி கனத்தில் ஒரு கோடு விழுந்தது. நூற்று எழுபதாவது தடவை மூட்டு இரண்டாகப் போனது. சத்தம் பெரிதாக இல்லை, பிஸ்கட் ஒடிகிற சத்தம்தான்.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம் நான்கு பேரின் எண்களையும் வாங்கி அழைத்தாள். முதல் ஆள், நம்பிக்கை வரவில்லை என்று அதை அலமாரி மேல் போட்டிருந்தார். இரண்டாவது வீட்டில் பேரன் அதை வைத்துக் கத்திச்சண்டை போட்டுக்கொண்டிருந்தான். "எடுத்துட்டுப் போங்கம்மா, புண்ணியமாப் போகும், டிவியை உடைச்சிடுவான் போல," என்றார்கள். மூன்றாவது அம்மாள், கிரீச் என்று சத்தம் வருகிறது, பழையதே போதும் என்றார். மூன்று கோல்களுக்கும் ஆள் அனுப்பியாயிற்று.

நான்காவது ஆள் போஸ்டரில் இருப்பவர். ரயில் நிலைய மேம்பாலத்தின் கீழே சாவி வெட்டும் கடை வைத்திருப்பவர். பேருந்தில் ஏறும்போது மடிக்கிறார், இறங்கும்போது விரிக்கிறார், போக ஒரு தடவை, வர ஒரு தடவை. கடை மேசைக்குள் நுழைய இரண்டு தடவை. நாளைக்கு நான்கு. ஞாயிறு கழித்தால் முப்பத்தைந்து நாள். நூற்று நாற்பது. மிச்சம் முப்பது, அதாவது ஏழு நாள். அதுவும் ஐம்பது கிலோவுக்கு. தொலைபேசியில் இதையெல்லாம் கேட்டுக்கொண்ட பிறகு அவரிடம் எடையும் கேட்டாள். அறுபத்தெட்டு என்றார். எதற்கென்று கேட்டார். கோலைத் திருப்பித் தர வேண்டும் என்றதும் வைத்துவிட்டார்.

உடைந்த மூட்டை எடுத்துக்கொண்டு மேலே போனாள். மேலாளர் அதைக் கையில் வாங்கவில்லை.

"ஒண்ணு உடைஞ்சா எல்லாம் உடையுமா? ஆறு வாரமா அந்த மனுஷன் ஏறி இறங்கிட்டிருக்காரு. நல்லாத்தானே வேலை செய்யுது?"

"வேலை செய்யுமான்னு தெரிஞ்சுக்கறதுக்காகச் செஞ்சது சார் அது. நிஜத்துல வேலை செய்யறதுக்காகச் செய்யல."

"அதென்ன வித்தியாசம்?"

பதினான்கு வருடமாக இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

"சரி. உலோக மூட்டு வேலை எப்ப ஆரம்பிக்கிறோம்? அதையாவது சொல்லுங்க."

மேலாளர் திரையைப் பார்த்தபடி சொன்னார். "அது நிறுத்தியாச்சு. இதுவே எண்பது சதவீதம் முடிஞ்ச பொருள்தான்னு மேல சொல்லியிருக்கேன். இதையே கொஞ்சம் செதுக்கினாப் போதும். முதல்லேர்ந்து செய்யறதுக்கு யாருக்கும்மா நேரம்? நிதி தர்ற அறக்கட்டளைக்கும் இது பிடிச்சிருக்கு. புதன்கிழமை வர்றாங்க."

"குப்பைக்குப் போக வேண்டியதை எண்பது சதவீதம்னு சொல்லியிருக்கீங்க."

"வார்த்தையைப் பார்த்துப் பேசுங்க. அப்புறம், இதையெல்லாம் மெயில்ல எழுதாதீங்க. வாயில சொன்னீங்க, நான் கேட்டுக்கிட்டேன்."

கீழே போனதும் அவள் செய்த முதல் வேலை அதை மெயிலில் எழுதியது. நூற்று எழுபது, ஐம்பது கிலோ, ஏழு நாள். பதில் வரவில்லை.

மறுநாள் காலை மேம்பாலத்தடிக்குப் போனாள். சாவிக்கடை ஓர் அலமாரி அளவுதான் இருந்தது. பின்சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். பக்கத்தில் ஒட்டினாற்போல் சாவிக்காரரின் மனைவி செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பத்திரிகைக் கடை. சாவிக்காரர் இயந்திரத்தை நிறுத்தாமல் வந்தவளைப் பார்த்தார். ஊன்றுகோல் மடித்தபடி அவர் மடியில் இருந்தது.

மனைவி முந்திக்கொண்டாள். "நேத்து போன் பண்ணது நீதானா? ஏம்மா, குடுக்கும்போது பல்லைக் காட்டிக் காட்டிப் போட்டோ புடிச்சீங்க. இப்பத் திருட்டுச் சாமானைப் புடுங்க வந்த மாதிரி வந்து நிக்கிறே?"

"அக்கா, அது உடைஞ்சிடும். அவர் படியில இருக்கும்போது உடைஞ்சா..."

"உடையறதை எதுக்குக் குடுத்தீங்க?"



சாவிக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். "பதினோரு வருஷமா இதே பஸ்ஸுல வர்றேன். மரக்கோலை வச்சுக்கிட்டு உள்ள வந்தா கண்டக்டரே முன்னாடி நிக்கச் சொல்லுவாரு. யார் காலையாவது இடிக்கும், யாராவது திட்டுவாங்க. இது வந்த பிறகு மடிச்சு மடியில வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் உக்காந்து வர்றேன். ஆறு வாரமா. அதைப் போயி திருப்பிக் கேக்கறீங்களேம்மா."

"நின்னா தாங்காது அண்ணா. சத்தியமாச் சொல்றேன்."

"தாங்காதா?" அவர் கோலை விரித்தார். அவள் கையை நீட்டுவதற்குள் மேசையை விட்டு வெளியே வந்து, முழு உடம்பையும் அதன் மேல் போட்டு, நல்ல காலைத் தரையிலிருந்து தூக்கினார். ஒரு கோல் மேல் ஒரு மனிதர். மூட்டு அசையவில்லை. அவர் மூன்று முறை குதித்தும் காட்டினார்.

பத்திரிகைக் கடைக்காரர் சிரித்துவிட்டார். "அக்கா, உங்க சாமானுக்கு உங்களைவிட ரோஷம் ஜாஸ்தி."

"புதுசா வேற யாருக்காவது வேணுமாயிருக்கும்," என்றாள் மனைவி. "அதான் இந்த நாடகம்."

மாதிரி அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார் மேல் என்று பிரிக்க முடியவில்லை. மேசையில் கிடந்த அரத்தை எடுத்தாள். "ஒரே நிமிஷம் அண்ணா. ஒரு தடவை மட்டும் தேய்ச்சுக் காட்டறேன்."

அவர் கொடுத்தார். மூட்டின் உட்பக்கத்தில் நாலு இழுப்பு இழுத்தாள். சாம்பல் தூள் உதிர்ந்தது. கீழே மஞ்சள் தெரிந்தது. அந்த மஞ்சளில், குழிக்குள் பெயிண்ட் தங்கியிருந்ததால் எழுத்துகள் சாம்பலாகவே நின்றன. ஊன்றி நிற்பதற்கு அல்ல.

சாவிக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். மனைவியும் எட்டிப் பார்த்தாள். எழுத்துகளுக்குச் சற்றுத் தள்ளி முடி கனத்தில் ஒரு கோடு இருந்தது. மாதிரி அக்கா அதைக் காட்டினாள். பையிலிருந்து உடைந்த மூட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே இடம்.

"பிளாஸ்டிக்குன்னு எனக்கு முதல் நாளே தெரியும்," என்றார் அவர். குரல் தணிந்திருந்தது. "நகத்தால தட்டிப் பார்த்தேன். இருபது வருஷமா இரும்பும் பித்தளையும் தொடறவன். எனக்குத் தெரியாதா? ஆனா படிச்சவங்க பத்துப் பேர் சேர்ந்து கோட்டு போட்டுக்கிட்டுக் குடுக்கறாங்க. ஏதோ புது தினுசுப் பிளாஸ்டிக்கு, நமக்குத் தெரியாததுன்னு நெனச்சேன். என் கையை நம்பாம உங்களை நம்பினேன்." நிறுத்தி, "பெயிண்டு அடிச்சது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்."

"எதுக்கு?"

"போட்டோவுல நல்லாத் தெரியணும்னு."

மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சரி. நிஜமானது எப்ப வரும்?"

"வராது அண்ணா. நிறுத்திட்டாங்க. இதுவே போதும்னு முடிவு பண்ணிட்டாங்க."

"எதுவே போதும்? இதுவா?"

"இதுதான்."

அவர் கோலை மடித்தார். அவளிடம் நீட்டுவார் என்று நினைத்தாள். அவர் அதை மேசைக்குக் கீழே வைத்துப் பூட்டினார்.

"இதைத் தர மாட்டேன். தந்தா நீ உடைச்சிடுவே. அதுக்கப்புறம் இப்படி ஒண்ணைக் குடுத்தாங்கன்னு நான் யார்கிட்டச் சொன்னாலும் சிரிப்பாங்க. இதை ஊன்ற மாட்டேன். அவ்வளவு வாக்கு தர்றேன். இனிமே பேச வேண்டியது உன்கிட்ட இல்ல." மனைவியைப் பார்த்தார். "அந்த மரக்கோலை எடு."

மரக்கோல் கடையின் தகரக் கூரைக்கு முட்டுக் கொடுத்திருந்தது. மனைவி அதை உருவியதும் கூரை ஒரு பக்கம் சாய்ந்தது. "உங்க வடிவமைப்பு எங்க கடையையும் மாத்திடுச்சு பாரு," என்று சொல்லிக்கொண்டே அவள் ஸ்டூல் மேல் ஸ்டூலை அடுக்கி அதைத் தாங்கிப் பிடித்தாள்.

கிளம்பும்போது மாதிரி அக்காதான் சொன்னாள், புதன்கிழமை அறக்கட்டளையிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று. சொல்லக் கூடாது என்று தெரிந்தே சொன்னாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்குச் சாவிக்காரரும் மனைவியும் மூன்றாவது மாடிக்கு வந்தார்கள். வரவேற்புப் பெண், போஸ்டரில் இருப்பவர்தானே என்று நேராகக் கூட்ட அறைக்கே அனுப்பிவிட்டாள். உள்ளே மேலாளர், அறக்கட்டளையின் அதிகாரியம்மா, சுவரில் ஒரு ஸ்லைடு. மாதிரி அக்காவை மேசையின் கடைசியில் உட்கார வைத்திருந்தார்கள்.

மேலாளர் எழுந்து நின்றார். "வாங்க, வாங்க. மேடம், நான் சொன்னேனே, இவர்தான்." பிறகுதான் சாவிக்காரர் கையில் இருந்த மரக்கோலைப் பார்த்தார். "புதுசு எங்க?"

சாவிக்காரர் மனைவியின் பையிலிருந்து அதை எடுத்தார். விரித்தார். மேசையின் மேல், ஸ்லைடு வெளிச்சம் படும் இடத்தில் வைத்தார்.

"சார், நீங்க ஒரு தடவை இதுல ஊன்றி நில்லுங்க."

"நானா? எனக்கு எதுக்கு? எனக்குக் கால் நல்லா..."

"எனக்கும்தான் ஒரு கால் நல்லா இருக்கு. அந்தக் காலைத் தூக்கிட்டுத்தான் படி ஏறினேன். போட்டோ புடிச்சீங்களே. நீங்களும் ஒரு காலைத் தூக்கி நில்லுங்க."

"இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு. நீங்க ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பரிசோதனைக் கருவின்னு அதுல போட்டிருக்கு."

"நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டு நில்லுங்களேன்," என்றாள் மனைவி. "பேனா நான் தர்றேன்."

அறக்கட்டளை அதிகாரியம்மா கோலைத் தன் பக்கம் இழுத்து, அரம் தேய்த்த இடத்தைப் பார்த்தார். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி வாசித்தார். "சார், ஒரு நிமிஷம் நின்னு காட்டிடுங்களேன். விஷயம் முடிஞ்சிடும்."

மேலாளர் கோலை வாங்கினார். கைப்பிடியைப் பிடித்துத் தரையில் ஊன்றினார். சிரித்தார். அவருடைய இரண்டு காலும் தரையில் இருந்தன. முழங்கை மடங்கியே இருந்தது, நிமிரவில்லை. பாரம் கொஞ்சம்கூட இறங்கவில்லை. அறையில் இருந்த மற்ற நான்கு பேரும் அந்த முழங்கையைத்தான் பார்த்தார்கள். அவர் கோலை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"தெரிஞ்சிருக்கு," என்றார் சாவிக்காரர். "இந்தம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். உங்களுக்கு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

"மெயில் அனுப்பியிருக்கேன் மேடம்," என்றாள் மாதிரி அக்கா. "திங்கட்கிழமை சாயங்காலம். அதுக்கு முன்னாடி பெயிண்ட் அடிச்சதும் நான்தான். அதையும் எழுதிக்கங்க."

"உங்களை யாரும் கேக்கலையே," என்றார் மேலாளர்.

"அதான் சார் ஆறு வாரமாப் பிரச்சினை. யாரும் கேக்கல."

அதிகாரியம்மா அந்த மெயிலைத் தனக்கு அனுப்பச் சொன்னார். கோலைத் தன்னோடு எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். சாவிக்காரர் ரசீது கேட்டார். அதிகாரியம்மா வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மனைவி அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். கீழே வந்தபோது லிஃப்ட் வாசலில் போஸ்டர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. "கோலைக் கழட்டிக்கிட்டாங்க, படத்தைக் கழட்டல," என்றாள் மனைவி.

அறக்கட்டளை மார்ச் முதல் வாரத்தில் தன் நிதி ஒப்புதலை நிறுத்தி வைத்தது. ஏப்ரல் எட்டாம் தேதி, மாதிரிகளை விலக்கிவிட்டு உலோக மூட்டை முதலிலிருந்து வடிவமைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மறுபடி அளித்தது. மேலாளர் அதே பதவியில் வேறொரு திட்டத்துக்கு மாற்றப்பட்டார். அனுமதியின்றிப் பயனாளர்களைத் தொடர்புகொண்டதற்காக மாதிரி அக்காவுக்குக் குறிப்பாணை கொடுக்கப்பட்டது. பெயிண்ட் அடித்ததைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அவள் இப்போது பொதி கட்டும் பிரிவில் இருக்கிறாள். உலோக மூட்டுக்கான புதிய பயனாளர் பட்டியலில் ஆறு பேர் இருக்கிறார்கள். கேட்டபோது கருவியைத் திருப்பித் தராமல் முந்தைய கட்டத்தின் ஒப்புதல் நிபந்தனைகளை மீறியவர் என்ற காரணத்தால் சாவிக்காரர் அதில் சேர்க்கப்படவில்லை.